பின்கண்ணாடி வைத்த வேன்

ஜூன் 9, திங்கள்

பத்திரிகை ஆசிரியர் கார் சாவியை என் மேசையில் வைத்தார். புதுக் கார்களை ஓட்டிப் பார்த்து எழுதும் மூத்தவருக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. "பிழை திருத்தித் திருத்தி உனக்கும் அலுத்துப் போயிருக்கும். நாலு நாள் ஓட்டு. தினசரி வீட்டு உபயோகத்துக்கு ஆகுமா ஆகாதா, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை எழுதிக் குடு."

வெள்ளிக்கிழமைதான் என் பயிற்சிக் காலமும் முடிகிறது. வைத்துக்கொள்வார்களா, அனுப்பிவிடுவார்களா? அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கீழே போய்ப் பார்த்தேன். கடைகளுக்கு பிரட் போட அப்பா ஓட்டிய வேனின் ரகம். அதே உடம்பு. தகரம் இருந்த பக்கங்களில் கண்ணாடி, பிரட் தட்டுகள் இருந்த இடத்தில் ஏழு பேருக்கு இருக்கை. குடும்பக் கார் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அப்பா போய் ஐந்து மாதம். ஏதாவது தோன்றும் என்று நின்றேன். ஒன்றும் தோன்றவில்லை. சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

உயரமாக உட்கார்வதால் முன்னே நாலு வண்டி தாண்டித் தெரிகிறது. வேகம் எடுத்தால் காற்று இரைகிறது. வளைவில் சாய்கிறது. பக்கக் கதவு நகர்ந்து திறப்பதால், சந்தில் சுவரை ஒட்டி நிறுத்தினாலும் இறங்கலாம்.

மாலை அம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போனேன். முன்கதவைத் திறந்துவிட்டேன். பின்னால் போய் ஏறினாள்.

"முன்னாடி வாம்மா."

"முன்னாடி பில் புக்கும் பையும் இருக்கும்டி."

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. ஆனாலும் அவள் இறங்கவில்லை. "இங்கேயே நல்லாத்தான் இருக்கு. பிரட்டுக்குக் குடுத்த மரியாதைய எனக்குக் குடுத்திருந்தா, உங்கப்பா அன்னைக்கே இப்படி ஒரு சீட்டு போட்டிருப்பாரு."

சிரிக்க வேண்டிய இடம். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 11, புதன்

எழுதியதை ஆசிரியரிடம் காட்டினேன். 'சொகுசும் பயன்பாடும் கைகோக்கும் வாகனம்.'

"ஏம்மா, கம்பெனி நோட்டீஸைப் பாத்து எழுதினியா? வண்டியில ஏறினியா இல்லியா?"

"ஏறினேன் சார்."

"அப்ப ஏறினவ எழுதின மாதிரி எழுது."

எப்படி எழுதுவது? வேன் டிரைவர் மகள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. வேலைக்குச் சேர்ந்தபோது, தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் 'போக்குவரத்து' என்று எழுதினேன். குடும்பத்தில் முதல் பட்டதாரி செய்த முதல் காரியம் அது.

ஜூன் 12, வியாழன்

இடித்துவிட்டேன்.

காலை எட்டு மணி. வீட்டு கேட்டுக்குள்ளிருந்து பின்னால் எடுத்தேன். கேட் தூணில் மோதிப் பின்பக்க விளக்கு நொறுங்கி, பம்பரில் ஒரு சாண் கீறல்.

அப்பாவின் வேனுக்குப் பின்கண்ணாடி கிடையாது. பின்னால் ஓர் ஆள் நின்று தகரத்தில் தட்ட வேண்டும். இரண்டு தட்டு, வா. ஒரு தட்டு, நில். பள்ளிக்கூடம் படித்த நாளெல்லாம் அது என் வேலை. பிறகு அதே வேனில் நான் ஓட்டப் பழகினபோது அப்பா இறங்கி நின்று தட்டினார்.

இந்தக் காரில் பின்கண்ணாடி இருக்கிறது. கேமரா இருக்கிறது, அது கத்திக்கொண்டும் இருந்தது. நான் எதையும் பார்க்கவில்லை. தட்டும் சத்தத்துக்குக் காத்துக்கொண்டே தூண் வரைக்கும் போனேன்.

என்னையே கேட்டுக்கொண்டேன்: யாருடி தட்டுவா? யாரு இருக்கா?

அம்மா கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளினாள். "ஆபீஸ்ல தூண் மேல பழியப் போடாத. உங்கப்பா போட்டதே இல்ல." கொஞ்சம் யோசித்தாள். "ஒரே ஒரு தடவ போட்டாரு. ஆனா அது நெஜமாவே தூண் தப்பு."

இப்போதும் அழுகை வரவில்லை. நாளையோடு வேலையும் இல்லை என்று நினைத்துப் பார்த்தேன். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. உட்கார்ந்து முதலிலிருந்து எழுதினேன்.

ஜூன் 13, வெள்ளி

ஆசிரியர் நின்றுகொண்டே படித்தார். நான் எதையும் மறைக்கவில்லை. 'என் அப்பா இதே ரக வேனில் இருபத்திரண்டு வருடம் பிரட் போட்டவர்' என்று தொடங்கி, கதவு, சாய்வு, இரைச்சல், என் அம்மா பின்னால் ஏறியது, அப்பா தட்டும் கணக்கு, தூண். கடைசி வரி: 'தினசரி ஓட்ட நல்ல வண்டி. இதில் யாரும் பின்னால் இறங்கி நிற்க வேண்டியதில்லை.'

படித்துவிட்டு ஒரு கால்புள்ளியைத் திருத்தினார். "வா, வண்டியைப் பாக்கலாம்."

கீழே வந்து கீறலைத் தடவிப் பார்த்தார். "கம்பெனிகிட்ட நான் பேசிக்கிறேன். கொண்டுபோய் விட்டுட்டு வந்துரு."

ஏறினேன். ரிவர்ஸ் போட்டேன்.

பின்னாலிருந்து இரண்டு தட்டு.

வந்தேன். மெதுவாக. இன்னும் இரண்டு. வந்தேன்.

ஒரு தட்டு.

நின்றேன். பின்கண்ணாடியில் பார்த்தால், ஆசிரியர். கையில் ஒட்டிய புழுதியைத் தட்டிக்கொண்டே ஜன்னல் பக்கம் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "திங்கக்கிழமை வர்றப்ப போட்டோ ரெண்டு கொண்டு வா. நிரந்தர அடையாள அட்டைக்கு."

"சரி சார்."

அவர் போன பிறகும் வண்டியை எடுக்க முடியவில்லை. ரொம்ப நேரம்.

ஜூன் 15, ஞாயிறு

போட்டோ எடுத்தாயிற்று. "கண்ணு இப்படி வீங்கியிருக்கே, நாளைக்கு வந்து எடுத்துக்குறீங்களா?" என்றார் ஸ்டூடியோக்காரர். வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றேன்.