பறவையின் உயிர் இருக்கும் இடம்

மேலப்பாளையம்
6-2-1991

அன்பு மகன் யாசருக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன். இங்கே மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதைக் கேட்காதே. சவூதியில் நீ இருக்கும் தம்மாம் பக்கம் ஏவுகணை விழுந்தது என்று ரேடியோவில் சொன்ன நாளிலிருந்து கடையில் ஒரு கைலியை ஒழுங்காக மடிக்க முடியவில்லை, தபால்காரர் தெருமுனையில் திரும்பினாலே செருப்புக்கூடப் போடாமல் ஓடுகிறேன், மூன்று வாரமாக வெறுங்கைதான்.

இதற்கு நடுவில் உன் தங்கையிடம் ஒரு தப்புச் செய்துவிட்டேன். தஸ்மியா நூலகத்திலிருந்து ஒரு மாயக்கதைப் புத்தகம் எடுத்து வந்து அதிலேயே கிடந்தாள். ஒரு பட்டணத்தின் மேல் நெருப்பைக் கக்கும் பறவை, அங்கே மாட்டிக்கொண்ட அண்ணன், தேடிப் போகும் தங்கை, இதுதான் கதை. அது அப்போது எனக்குத் தெரியாது. அவள் கணக்கு நோட்டில் பறவையும் நெருப்பும் வரைந்து கீழே உன் பெயரை எழுதியிருந்ததை மட்டும் பார்த்தேன். பிள்ளைக்கு ஜின் பார்வை பட்டுவிட்டது என்று பள்ளிவாசல் லெப்பையிடம் கூட்டிப்போய், தண்ணீர் ஓதிக் குடிக்க வைத்து, தாயத்தும் கட்டி, புத்தகத்தை நானே நூலகத்தில் திருப்பிக் கொடுத்தேன். உன் உம்மா வேண்டாம் என்றுதான் சொன்னாள், நான் யார் பேச்சைக் கேட்டேன். அன்றிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, அதுவரை ரேடியோ பக்கமே வராதவள் அதன் அருகிலேயே உட்கார்ந்திருந்தாள். நேற்று கெஞ்சிக் கேட்ட பிறகுதான் வாய் திறந்தாள். “அந்தப் பறவைக்கு உயிரு எங்க இருக்குன்னு கதையில போட்டிருக்கு வாப்பா, சுனைக்கு அடியில ஒரு கல்லுல இருக்கு, தங்கச்சி போய் எடுத்துருவா. ரேடியோவுல குண்டுன்னு சொல்லுதாங்களே, அதுக்கு உயிரு எங்க இருக்கு?” என்றாள். இந்த மாதிரிக் கதைகள் புத்தியைக் கெடுக்கும் என்று உன்னையும் சின்னதில் அடித்திருக்கிறேன், மன்னித்துக்கொள். அவள் பயத்தை அவள் கையில் பிடித்துக்கொள்ளும்படி அந்தப் புத்தகம் கொடுத்திருந்தது, நான் பிடுங்கிவிட்டேன்.

இன்று நூலகம் திறக்குமுன்பே வாசலில் நின்று அதை வாங்கி வந்தேன். பள்ளிக்கூடம் போகுமுன் கேட்டு வாங்கி இரண்டு இட்லி தின்றாள். கடைசி அத்தியாயத்தை மட்டும் உன் கடிதம் வந்த பிறகுதான் படிப்பாளாம். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் படித்தேன், அண்ணன் கருகிய சட்டையோடு வீட்டுக்கு நடந்து வருகிறான். கல்லாவில் உட்கார்ந்து அழுதேன். சைரன் ஊதினால் சாமான்களுக்காக நிற்காதே, ஜன்னல் பக்கம் படுக்காதே. ஹயாத்தும் சலாமத்துமாக, உயிரும் சுகமுமாக, உன்னை எங்கள் கண்ணில் காட்ட அல்லாஹ் போதுமானவன். இரண்டு வரி போதும், உன் கையெழுத்தில் இருக்க வேண்டும். முடிவை அவளிடம் உளறிவிடாமல் இருக்க நான் படும் பாடு பெரும்பாடு, சீக்கிரம் எழுது.

துஆவுடன்
உன் வாப்பா
ஷேக் மைதீன்