காலருக்குள் பச்சை நூல்

சியோல்,
4-3-1996

அன்புள்ள சகினா அக்கா,

இங்கே குளிர் இன்னும் போகவில்லை. ஒரு முதலாளி வீட்டையும் அவர் பட்டறை ஆட்களையும் பற்றிய கொரியப் படத்தில் உடை உதவியாளராக இருக்கிறேன். முதலாளி வீடு பலகையில் போட்ட செட். ஆட்கள் படுக்கிற அறை மட்டும் நிஜம்.

அந்த ஆட்களில் ஒருவன் நம் ஊர்க்காரன். அவனுக்காகப் புதுச் சட்டைகளை டீத்தண்ணீரில் ஊறவைத்து உப்புத்தாளால் தேய்த்தோம். அழுக்காகிறது, பழசாக மாட்டேன் என்கிறது. டைரக்டர் தூக்கி எறிகிறார். முதல் வேலை அக்கா, போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. உழைத்துப் பழசான சட்டை ஒன்று அனுப்புங்களேன். பத்திரமாகத் திருப்பித் தருவேன்.

உங்கள் ஹம்சினி

மயிலாப்பூர்,
21-3-1996

ஹம்சினி பாப்பாவுக்கு சகினாவின் துஆ.

கடுதாசியைக் கொடுத்த உங்கம்மா, "ஒரு சட்டைக்கா இவ்ளோ பாடுபடறா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வீட்டுக்காரர் லேத் பட்டறைக்குப் போட்டுக்கொண்டு போனதில், இத்துடன் அனுப்பும் இந்தச் சட்டை ஒன்றுதான் மிச்சம். அவர் மவுத்தாகி அடக்கம் ஆன பிறகு மற்றதையெல்லாம் கொடுத்துவிட்டேன்.

"அத்தா சட்டைய இன்னாத்துக்கும்மா அனுப்புற?" என்று சைஃப் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "பாப்பாவுக்கு வேலை போயிடும்டா, சட்டை திரும்ப வந்துடும்" என்றேன். இரவல்தான் பாப்பா, மறந்துவிடாதே.

சகினா அக்கா

சியோல்,
10-8-1996

அன்புள்ள அக்கா,

சட்டை இத்துடன். டைரக்டருக்கு அப்படிப் பிடித்துப்போயிற்று. இயந்திரத்தில் சட்டை சிக்கிக் கிழிகிற காட்சிக்காக, அதே மாதிரி இன்னும் நாலு தைத்தோம். உங்களுடையது பத்திரமாக இருந்தது. அடுத்த படத்துக்கும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அம்மாவிடம் இரண்டு ரவிக்கைத் துணி இருக்கிறது. தைத்து வையுங்கள், தீபாவளிக்கு வருகிறேன்.

ஹம்சினி

மயிலாப்பூர்,
2-9-1996

ஹம்சினி அவர்களுக்கு,

பார்சல் வந்தது. எண்ணெய்க்கறை அதே இடத்தில் இருக்கிறது, உடைந்த பொத்தானும் அப்படியே. கைதேர்ந்த வேலை.

அவர் சட்டையின் காலர் தேய்ந்தபோது நான்தான் பிரித்துத் திருப்பித் தைத்தேன். வெள்ளை நூல் தீர்ந்துபோய் உள்பக்கம் பச்சை நூல் போட்டேன். "உள்ள யாரு பாக்கப் போறா?" என்றார். இந்தக் காலரையும் பிரித்துப் பார்த்தேன். உள்ளேயும் வெள்ளை நூல்.

கிழிந்துவிட்டது என்று எழுதியிருந்தால் அழுதுவிட்டு, கிழிந்த துண்டையாவது அனுப்பச் சொல்லியிருப்பேன். பொய்தான் தாங்கவில்லை.

பிரித்த காலரைப் பச்சை நூலில் தைத்து மூடிவிட்டேன். சைஃப் அத்தா சட்டை என்று தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறான். அவனிடம் சொல்லவில்லை.

ரவிக்கைத் துணி இரண்டையும் வெட்டாமல் உங்கள் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேறு ஆளிடம் தைத்துக்கொள்ளுங்கள்.

சகினா நூர் முஹம்மது