வல்லை வெளிக்கு நடக்கப் போனது

இணுவில்,
திங்கட்கிழமை.

அன்புள்ள மகள் தக்சாயினிக்கு,

கந்தசுவாமியாரின் புண்ணியத்தில் நானும் அம்மாவும் இங்கே சுகம், நீயும் மருமகன் லோஜனும் சின்னவளும் லண்டனில் அப்படியே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். சுகம் என்று எழுதிப் பழகிய கை, எழுதிவிட்டது. உள்ளபடி சொன்னால் சாப்பிடுகிறோம், படுக்கிறோம், எழும்புகிறோம், அவ்வளவுதான். நாளுக்கு இரண்டு தரம் போனில் கதைத்தபிறகு இதென்ன கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் அம்மா பக்கத்தில் இருக்கிறார், ஸ்பீக்கரைப் போடச் சொல்லிக் கேட்கிறார், நான் ஒன்று சொல்லத் தொடங்க நீ வேறொன்று கேட்கிறாய், நடுவில் படம் அப்படியே நின்றுவிடுகிறது. வெள்ளிக்கிழமை நீ என்னை ஏசியபோது நான் வாய் திறக்காமல் இருந்தது கோபத்தினால் அல்ல, களைப்பினால். ஆனால் நடந்ததை நீ முழுதாக அறிய வேண்டும். தபால் கந்தோர் திறக்கிற நாளில் இதைப் போடுவேன், உன் கைக்கு வரும்போது சட்டம் இன்னும் இரண்டு தரம் மாறியிருக்கும்.

ஊர்ப் புதினம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கறுத்தக்கொழும்பான் மா இந்த முறை கிளை முறியக் காய்த்திருக்கிறது, பழுத்து விழுகிறது, கொடுக்கத்தான் ஆளில்லை. முந்தி வேலிக்கு மேலால் கேட்டு வாங்குகிற சனம் இப்போது எங்கள் வீட்டு மாம்பழத்தைத் தொட யோசிக்கிறது. நான் குறை சொல்லவில்லை. தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று படலையில் ஒட்டிய நோட்டீசைத் தண்ணீர் ஊற்றிச் சுரண்டிவிட்டேன், பசை மட்டும் சதுரமாக நிற்கிறது, அது மழைக்குத்தான் போகும். அணிலும் வௌவாலும் நன்றாகச் சாப்பிடுகின்றன, அவைக்குக் கொரோனாப் பயம் இல்லை.

இனி அம்மாவின் விஷயம். எனக்கு வந்த கொரோனா ஒரு தடிமன் காய்ச்சல் போல வந்து போய்விட்டது. அம்மாவைத்தான் சிகிச்சை நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள், ஒழுங்கைச் சனம் முழுதும் படலைகளில் நின்று பார்க்க, ஒரு பையோடு தனியே ஏறினார். திரும்பி வந்தவருக்குச் சுவாசம் சரி, காலில்தான் பலம் இல்லை. அறையிலிருந்து குசினிக்குப் போவதென்றாலும் சுவரைப் பிடித்துத்தான் போவார். கிளினிக்கில் டொக்டர் முகத்துக்கு நேரே சொன்னார், அம்மா இப்ப நடக்காட்டிப் பிறகு நடக்கேலாது, கட்டில்தான் எண்டு. அம்மாவின் நடை உனக்குத் தெரியும்தானே, விடிய முழுகிவிட்டுக் கோயில் வெளிவீதியைச் சுற்றி வருவதுதான் அவருக்கு மருந்தும் மாத்திரையும். இப்போது வீதிக்குக் கயிறு கட்டியிருக்கிறார்கள். வளவுக்குள் நடவும் என்றேன். நான் என்ன செக்குமாடோ, கிணத்தடியைச் சுத்திச் சுத்தி வாறதுக்கு எண்டார். சரி ஒழுங்கையில் நடப்போம் என்று ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனேன். முன்வீட்டு இராசமலர் எங்களைக் கண்டதும் பிள்ளையை உள்ளே இழுத்துப் படலையைச் சாத்தினாள். அவளில் பிழை இல்லை, தகப்பன் மூச்சிழுக்கிற முட்டுக்காரன், அவள் பயப்படத்தான் வேண்டும். ஆனால் அம்மா அந்த இடத்திலேயே திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு படலைக்கு வெளியே கால் வைக்கவில்லை. நான் மன்றாடியும் பார்த்தேன், ஏசியும் பார்த்தேன். ஆரையும் பயப்படுத்திக்கொண்டு எனக்கொரு நடை வேண்டாம் எண்டு சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். பகலிலும் படுக்கை. நான் பயந்துவிட்டேன் பிள்ளை, அதை மறைக்கவில்லை.

ஒருவரும் அறியாத, ஒருவரும் படலை சாத்தாத ஒரு இடத்தில் அம்மாவை இறக்கி நடக்கவிட்டால் என்ன என்று யோசித்தேன். வல்லை வெளி நினைவுக்கு வந்தது. வீடு வாசல் இல்லை, காற்று மட்டும்தான், வைரசும் நிற்கமாட்டாது. ஆனால் வீட்டைவிட்டு வெளிக்கிடுவது அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைப் பார்த்துத்தான் என்பது உனக்குத் தெரியும், ஒற்றை இலக்கத்துக்கு ஒற்றைத் திகதி, இரட்டைக்கு இரட்டை. என்னுடையது ஒற்றை, அம்மாவுடையது இரட்டை. கலியாணத்துக்குப் பொருத்தம் பார்த்த சாத்திரியார் இதை மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டார். அம்மாவுக்குக் கார் ஓடத் தெரியாது, என்னுடைய நாளில் அம்மா நடக்கக்கூடாது. எதற்கும் கேட்டுவிடுவோம் என்று கிராம அலுவலர், எங்கள் விதானையார் குகதாசனுக்குப் போன் எடுத்தேன். அவர், அண்ணை, நடக்கிறதெண்டால் நடவுங்கோ, அவசரத்துக்குக் காரிலை போறதெண்டால் போங்கோ, காரிலை போய் நடக்கிறதுக்கு எனக்கொரு சுற்றறிக்கையும் வரேல்லை எண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை. அவரும் களைத்துப்போய்த்தான் இருக்கிறார்.

உன்னிடம் கேட்டிருக்கலாம். நீ என்ன சொல்வாய் என்று தெரிந்தபடியால் கேட்கவில்லை. போன வருஷம் லோஜன் காரில் போய்க் குளக்கரையில் நடந்துவிட்டு வருவோம் என்று வெளிக்கிட, நீ கார்த் திறப்பை ஒளித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனதை மருமகனே சிரித்துச் சிரித்துச் சொன்னார். அன்று நானும் சிரித்தேன், உன் பக்கம்தான் நின்றேன். ஆஸ்பத்திரியில் நீ கண்டதை நாங்கள் காணவில்லை. உன்னோடு வேலை செய்த அந்தப் பிலிப்பைன்ஸ் பிள்ளை செத்ததை நீ சொல்லி அழுத குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனால் சட்டம் எல்லோருக்கும் பொதுவாகப் போடுவது, என் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பது ஒராள்தான். நான் அந்த ஒராளைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை, ஒற்றைத் திகதி, எங்கள் பழைய மொறிஸ் காரைத் துடைத்து எடுத்தேன். அம்மாவுக்குக் காற்று வாங்கப் போகிறோம் என்று மட்டும் சொன்னேன். மறித்துக் கேட்டால் கிளினிக் போகிறோம் என்று சொல்லக் கிளினிக் கொப்பியையும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இந்த வயதில் பொய்க்கு ஒத்திகை பார்ப்பது நல்ல காரியம் இல்லைத்தான், ஆனால் எங்கள் சீவியத்தில் பாதி ஆமியிடம் பாஸ் கேட்டும் காரணம் சொல்லியுமே போயிற்று, பழக்கம் விடவில்லை. உரும்பிராயால் போய்க் கோப்பாயில் பெருந்தெருவில் ஏறினோம். கடைகள் பூட்டு, தெருவில் நாய்கள்தான் நடுவில் படுத்திருந்தன. நீர்வேலி வாழைத்தோட்டங்களைக் கண்டதும் அம்மா கண்ணாடியை இறக்கச் சொன்னார். புத்தூர் தாண்டி ஆவரங்காலும் கழிய, வீடுகள் முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால் தெருவுக்குக் குறுக்கே தார்ப் பீப்பாய்கள். ஆமியும் பொலிசும் நின்றார்கள். நான் காரை மெதுவாக்கிக் கிளினிக் கொப்பிக்குக் கை வைக்கிறேன், பின் கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது.

அம்மா இறங்கிவிட்டார். ஒருவரும் இறங்கச் சொல்லவில்லை. கண்ணாடியை இறக்கி அட்டையைக் காட்டினால் போதும், இப்போது வேறொன்றும் இல்லை. ஆனால் சண்டைக் காலத்துச் சோதனைச் சென்றிகள் உனக்கு நினைவிருக்கும், பஸ்ஸோ சைக்கிளோ எதில் வந்தாலும் முன்னுக்கே இறங்கி, அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து கடந்து, அந்தப் பக்கத்தில்தான் திரும்ப ஏற வேண்டும். அம்மா பீப்பாயைக் கண்டார், இறங்கினார். சுவரைப் பிடிக்காமல், என்னைப் பிடிக்காமல், கார்க் கதவையும் பிடிக்காமல், தோள்பையிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு நேரே நடந்தார். முதலில் நின்ற ஆமிக்காரன் பதறிப்போய், அம்மா வேணாம், இறங்க வேணாம், வண்டியில இருங்க எண்டு தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிப் பார்த்தான். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. மற்ற முனையில் நின்ற பொலிஸ்காரரிடம் அட்டையை நீட்டினார். அவர் இலக்கத்தைப் பார்த்தார், திகதியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்துக் காரைத் திருப்பு என்று கை காட்டினார். எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. கிளினிக் கொப்பி சட்டைப் பைக்குள்ளேயே கிடந்தது.

வல்லை வெளியை நாங்கள் காணவே இல்லை. அவ்வளவு தூரம் காரில் போய் அம்மா நடந்தது அந்தச் சென்றியின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கும், திரும்பக் காருக்கும்தான். எனக்குத் தெரு சரியாகத் தெரியவில்லை, கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டினேன். டொக்டர் சொல்லி நடக்காத கால், நான் மன்றாடி நடக்காத கால், பயத்துக்கு நடந்திருக்கிறது. சந்தோஷப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. கோப்பாய்ச் சந்தியில் அம்மா, நான் ஏன் இறங்கினனான் எண்டு கேட்டார். பிறகு அவராகவே, கால் நோகேல்லை எண்டு சொன்னார்.

வீட்டுக்கு வந்து கார் ஆறுவதற்கிடையில் உன் போன். இராசமலர் எங்கள் கார் வெளிக்கிட்டதைக் கனடாவில் இருக்கிற தமக்கை உதயகலாவுக்குச் சொல்ல, அவள் உனக்குச் சொல்ல, நாங்கள் படலையைத் திறக்கமுதல் செய்தி உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது. கொரோனா வீட்டுக்காரர் காரிலை உலாத்தப் போகினமாம் எண்டு உனக்கு எழுதியிருந்தாளாம். நீ சொன்னது எல்லாவற்றையும் கேட்டேன். ஒராள் போனால் எல்லாரும் போவினம் அப்பா, உங்களுக்குத் திரும்ப வந்தால் எனக்கு வரவும் ஏலாது, போன் கண்ணாடிக்குள்ளாலை பாத்து அழத்தான் ஏலும் எண்டு சொன்னாய். அது சரி. நான் வாதாட வரவில்லை. இந்தத் தடை எடுக்கும்வரை மொறிஸ் கொட்டிலைவிட்டு அசையாது, இது உனக்கு நான் தருகிற வாக்கு. ஆனால் நான் போனது பிழை என்று என் வாயால் சொல்லச் சொல்லாதே, அது வராது.

சனிக்கிழமை அம்மா இடுப்பு, நாரி உளைவு என்று படுத்தார், நேற்றும் படுத்தார். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இன்று காலையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க, இண்டைக்கு ஆற்றை நாள் எண்டு கேட்டார். இரட்டை, உம்முடைய நாள் என்றேன். எழும்பினார், மாஸ்க்கைப் போட்டார், அட்டையை எடுத்தார், படலையைத் திறந்தார். நானும் செருப்பைத் தேட, நீங்கள் உள்ளை நில்லுங்கோ, உங்கடை நாள் இல்லை எண்டார். ஒழுங்கைக்குள் நடக்க அட்டை எதற்கு என்று நான் கேட்கவில்லை. இராசமலர் வாசல் கூட்டிக்கொண்டு நின்றவள், அம்மாவைக் கண்டு பின்னுக்குப் போனாள். அம்மா இந்த முறை திரும்பவில்லை. ஓடவும் இல்லை, நிற்கவும் இல்லை, அவளைத் தாண்டி ஒழுங்கை திரும்புகிற முடக்குவரை போய்த் திரும்பி வந்தார். வரும்போது இராசமலர் படலைக்குள் நின்றபடி, மாமி, கவனமாப் பாத்து வாங்கோ எண்டு மட்டும் சொன்னாள். நாளை மறுநாள் நடப்பாரோ தெரியாது, இன்று நடந்தார்.

ஆகவே பிள்ளை, நீ இனிப் போன் எடுத்தால் காரைப் பற்றியும் சென்றியைப் பற்றியும் அம்மாவிடம் எடுக்காதே. நீயும் மாஸ்க்கை இரட்டையாகப் போடு, வேலை முடிந்து வந்து முழுகாமல் சின்னவளைத் தூக்காதே, மருமகனைச் சும்மா சும்மா ஏசாதே, திறப்பைக் கொடு, அந்த மனுசனும் எவ்வளவு நாளைக்குத்தான் வீட்டுக்குள் இருப்பது. முருகன் உங்கள் மூன்று பேரையும் ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும். எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

ஒன்றை எழுத மறந்துவிட்டேன். சென்றியில் அம்மா நடந்தபோது வலது கையில் அட்டை இருந்தது, இடது கை உடம்பிலிருந்து கொஞ்சம் விலகி, விரல்கள் பாதி மடங்கி இருந்தது. கையிலும் ஏதோ வருத்தம் ஆக்கும் என்று நான் பயந்தேன். இன்று ஒழுங்கையிலும் அப்படியே பிடித்துக்கொண்டு போனார், படலைக்குள் நின்று பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. பரீட்சைக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு அந்தச் சென்றிகளைக் கடக்கும்போது, நிமிந்து நட பிள்ளை, ஓடாதை, நிக்காதை எண்டு சொல்லிச் சொல்லி உன்னைப் பிடித்துப்போன கை அது. இரட்டைத் திகதிகளில் காலையில் போன் எடு மகள், அம்மா நடந்து முடிந்து வந்து இருக்கிற நேரமாகப் பார்த்து.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
மா. சோமசேகரம்.