சும்மா இருக்க வேண்டிய மூலக்கூறு

அடியே,

நேற்று சாயங்காலம் மகள் நகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனை கூடம் முழுக்கப் பரவியது. எனக்கு அது நாச்சாரத்தில் இருந்த நம் லேபின் வாசனை. அதே எத்தில் அசிட்டேட் திரவத்தில் குடுவை கழுவிக்கொண்டு நிற்பேன், லோத்குண்டாவிலிருந்து ஸ்கூட்டரில் வந்த நீ ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "எங்கடி என் சும்மா?" என்பாய். "வாட் ஹேப்பன்ட், மா?" என்றாள் மகள். ஒன்றுமில்லை என்றேன்.

சும்மா என்பது நாம் வைத்த பெயர். நான் மூலக்கூறு செய்கிறவள், நீ அதைப் புற்றுநோய்ச் செல்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறவள். எதைச் செய்து தந்தாலும் கூடவே அதன் இரட்டையையும் கேட்பாய். அச்சு அசல் அதே மாதிரி, ஓரிடத்தில் மட்டும் சின்ன மாற்றம். அதனால் நாம் குறிவைத்த புரதத்தை அதால் பிடிக்க முடியாது. செல்லுக்குள் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் அதன் வேலை. உருப்படியாக ஒன்றும் செய்யாத ஒன்றைச் செய்ய இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று உன்னைத் திட்டிக்கொண்டேதான் செய்வேன்.

ஒரு வருஷம் நம் மூலக்கூறு ரத்தப் புற்றுநோய்ச் செல்களை அடியோடு கொன்றது. இயக்குநர் எல்லாருக்கும் இனிப்பு வாங்கித் தந்தார். கட்டுரை எழுதியாகிவிட்டது, அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. நீ மட்டும் இனிப்பைத் தொடவில்லை.

"செத்துப் போச்சே, இன்னும் என்ன?" என்றேன்.

"ஹவ், ஆமா, செத்துப் போச்சு. எதனால செத்துச்சு? கைக்கு, எதுக்கு இவ்ளோ அவசரம்? சும்மா வரட்டும்."

வந்தது. அதைக் கொடுத்தாய். செல்கள் அதிலும் செத்தன. புரதத்தைப் பிடிக்கவே முடியாத மூலக்கூறும் கொல்கிறது என்றால், அந்தப் புரதத்தைப் பற்றி நாம் எழுதிய அத்தனையும் தப்பு. கூட்டத்தில் எழுந்து நின்று நீயே சொன்னாய். ஒருவருக்கும் தெரிய வேண்டாம், சும்மாவின் முடிவைக் காட்டும் அந்த ஒரு படத்தைக் கட்டுரையில் சேர்க்காமல் விட்டுவிடலாம் என்றார் இயக்குநர். "மருந்தை முழுங்கப் போறது நீங்க இல்ல சார்" என்றாய். எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என் மூலக்கூறாயிற்றே!

தன் வேலையைத் தானே கொன்றவள் என்று காரிடாரில் உன்னைக் கேலி பேசினார்கள். நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. அது உண்மையில் எதைப் பிடித்துக் கொல்கிறது என்று பார்க்க, அந்த மூலக்கூறில் ஒரு கொக்கியை மாட்டச் சொன்னாய். உடைத்த செல்களின் கூழுக்குள் அதை விட்டு, எது ஒட்டிக்கொண்டு வருகிறது என்று வருஷக்கணக்காகத் தேடினாய். கடைசியில் அகப்பட்டது யாருமே சட்டைசெய்யாத ஒரு புரதம். இன்று எங்கெங்கோ இருக்கிற லேப்களில் அதைத்தான் துரத்துகிறார்கள். அதைக் குறிவைத்த ஒரு மருந்தை இப்போது நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். அதைக் கேட்க நீ இல்லை. மாரடைப்புக்கு உன்னைத் தவிர வேறு ஆளா கிடைக்கவில்லை, பாவி!

போன மாதம் மறுபடி அதே கூத்து. லேபும் வேறு, இயக்குநரும் வேறு. மூலக்கூறும் புதிது, செய்தவள் மட்டும் நான்தான். செல்கள் செத்தன. உடனே பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடலாம் என்றார் அவர். சும்மாவைச் செய்து பார்க்காமல் ஒரு வரிகூட வெளியே போகக்கூடாது என்றேன். கிழவி இழுத்தடிக்கிறாள் என்று முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். இந்தத் தடவை திட்டிக்கொண்டு செய்யவில்லை. ஆனால் பயந்துகொண்டே செய்தேன். இன்னும் மூன்று வருஷத்தில் ஓய்வு. இது போனால் இன்னொன்றைத் தொடங்க எனக்குத் தெம்பு இல்லை.

இன்று காலை செல் வளர்த்த தட்டை எடுத்துப் பார்த்தேன். மருந்து போட்ட குழிகளில் ஒன்றும் மிச்சமில்லை. சும்மா போட்ட குழிகளில் செல்கள் கொழுகொழுவென்று உயிரோடு இருந்தன. புற்றுநோய்ச் செல்கள் பிழைத்துக் கிடப்பதைப் பார்த்து மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் பயந்துவிட்டார்கள்.

நீ இருந்திருந்தால் எட்டிப் பார்த்துவிட்டு, "நக்கோ, ம்ஹூம், ஒரு தடவை போதாது" என்றிருப்பாய். தெரியும்டி. மறுபடி செய்து பார்க்கப் புதுச் செல்களை எடுத்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.