கழிவு என்று எழுதிய பைகள்

அம்மாவுக்கு,

உன் முழங்கால் ஆபரேஷனுக்கு நான் வர முடியாது. விடுப்பு இல்லை என்று ஆய்வகத் தலைவரே இன்று காலை சொல்லிவிட்டார். நான் நலம். வலி எப்படி இருக்கிறது?

நடந்தது இதுதான். பழச்சாறு ஆலையின் சக்கையிலிருந்து நார்ச்சத்து மாவு எடுக்கும் ஆய்வுக்காக, நான்கு மாதமாக உலர்த்திய சக்கையைப் பைகளில் கட்டி, 'கழிவு' என்று எழுதி வைத்திருந்தேன். துப்புரவு அக்கா மொத்தத்தையும் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார்.

"நீங்கதானேம்மா கழிவுன்னு எழுதினீங்க? அலமாரியில வச்சு அழகு பாக்கவா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆய்வகம் குளிர்கிறது. அப்பாவின் பழைய சட்டை ஒன்றை அனுப்பு. துவைக்க வேண்டாம்.

எனக்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே. சித்தியை உன்கூட வைத்துக்கொள். வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்; புதுச் சக்கை திங்கட்கிழமை வரும். அது உலர்ந்த பிறகுதான் எனக்கு விடுப்பு; எப்போது என்பதை அந்த வாரம் வெள்ளிக்கிழமை சொல்வார்களாம்.

உன் மகள்