பவுன் காசில் மஞ்சள்

என்னங்க,

டிபன் பாக்ஸில் புளிசாதம் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு இதைப் படியுங்கள்.

நிச்சயத்தன்று என் கையில் ஒரு பவுன் காசை வைத்து, "தாத்தா பெட்டியிலயே இருந்தது, யாரும் போட்டதில்ல" என்றீர்களே, நம் ஏழாவது கல்யாண நாளுக்கு அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு உங்களை அசத்த நினைத்தேன். பத்து நாளாக அதன் ஆண்டையும் அச்சுக் குறியையும் தேடிப் படித்தேன். அபூர்வமான ஆண்டு என்று தெரிந்ததும் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தேன்.

நேற்று தாம்பரத்தில் பழைய நாணயம் பார்க்கும் தாவீது சாரிடம் கொண்டுபோனேன். லென்ஸில் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

"அபூர்வம்தாம்மா. ஆனா தரம் போச்சு. மேல வளையம் பத்த வெச்சு, அப்புறம் அராவி எடுத்துக்கீறாங்க. யாரோ தாலில கோத்துப் போட்டிருந்த காசு. எழுத்து இடுக்குல மஞ்சள் கீது பாரு."

"அந்தக் காலத்துலயா சார்?"

"இன்னா அந்தக் காலம்? மஞ்சள் நெறமே இன்னும் போவல. பத்துப் பன்னெண்டு வருஷத்துக்குள்ள போட்டதுதான்."

குரோம்பேட்டையில் இறங்க மறந்து கிண்டி வரை ரயிலில் போய்விட்டேன்.

அத்தையின் தாலி அத்தை கழுத்தில் இருக்கிறது. உங்களுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது.

காசு இந்த டிபன் பாக்ஸின் கீழ்த்தட்டில் இருக்கிறது. மஞ்சளைத் துடைக்க எனக்குக் கை வரவில்லை. அவள் இப்போது உயிரோடு இருக்கிறாளா? அதை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நேற்றுவரை உங்கள் ஒரே மனைவி