வாங்குக்கு அடியில் எழுதிய பேர்

பார்க்கில் இன்று பச்சைப் பெயின்ட் வாசம். காயாத வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். பாவாடை முழுக்கப் பட்டை பட்டையாக ஒட்டிக்கொண்டது. நீ இருந்திருந்தால் கடைக்குத் திரும்பும் வரை சிரித்திருப்பாய். நீ செத்து மூன்று மாதமாகிறது. உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

புடவைக் கடையில் நீயும் நானும் ஒரே கவுண்டர். கடைக்குள் சாப்பிட இடம் கிடையாது. சோத்துப் பார்சலைத் தூக்கிக்கொண்டு அம்பிட்டிய பக்கம் இருக்கும் இந்தச் சின்னப் பார்க்குக்குத்தான் வருவோம். உடைந்த வாங்கு, எரியாத லைட், தண்ணீர் வராத பைப். இதைத் திருத்தக் காசு தேடுவது பற்றி பார்க் கமிட்டி கூட்டம் வைத்தது.

"நம்மள யாருடி கூப்பிட்டா?" என்றேன்.

"எல்லாரும் வரலாம்னு போர்டுல போட்டிருக்கு. நாம எல்லாருல இல்லியா?"

கூட்டத்தில் மூன்று வழி சொன்னார்கள். வாசலில் டிக்கட் வைக்கலாம். ஒரு மூலையை ஹோட்டலுக்கு வாடகைக்கு விடலாம். கம்பெனி விளம்பரப் பலகை நடலாம். தலைவருக்கு டிக்கட்தான் பிடித்திருந்தது. நீ எழும்பினாய்.

"டிக்கட் வச்சா நாங்க சோத்த எங்க வச்சி திங்கிறது, சேர்? ரோட்டுலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. "எங்க பன்வில தோட்டத்துக் கோயில்ல டிக்கட் வச்சா திருவிழா செய்றோம்? ஒவ்வொரு லயத்து வீட்டு வரிசைக்கும் ஒரு உபயம். இங்க கடைக்கு ஒரு வாங்கு கேப்போம்."

தலைவர் ஆறு மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் முடியாவிட்டால் டிக்கட்.

கடை கடையாக ஏறினோம். நான் படியிலேயே நிற்பேன். "கேக்க என்னாடி வெக்கம்? நம்ம வீட்டுக்கா கேக்குறோம்?" என்று கையைப் பிடித்து இழுப்பாய்.

ஆனால் கோயில் பழக்கத்தில் கொப்பியில் முதலாம் உபயம், இரண்டாம் உபயம் என்று எழுதிவைத்தாயே, அங்கேதான் கெட்டது. நகைக்கடை முதலாளி பக்கத்தைப் பார்த்துவிட்டார். "ஆணி விக்கிறவனுக்குப் பின்னால நானா?" ஹாட்வெயார் முதலாளி விடுவாரா? "முதல்ல சொன்னது நான்தானே!" அன்று பின்னேரமே இரண்டு பேரும் விலகிவிட்டார்கள். யாருக்கு முதல் உபயம் என்ற தோட்டத்துச் சண்டையை டவுனுக்கு இறக்கிவிட்டோம் என்று கடையில் எல்லோரும் நக்கலடித்தார்கள்.

நீ பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் நகைக்கடைக்கு ஏறினாய். "முதலாவதும் இல்ல, ரெண்டாவதும் இல்ல. பேர் போடுறோம் முதலாளி, வாங்குக்கு அடியில. பாக்கணும்னா குனிஞ்சி பாருங்க." மனுஷன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். மற்றவரிடமும் அதையே சொன்னாய். இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள்; மொத்தம் ஏழு வாங்கு சேர்ந்தது.

வாங்குகள் தச்சாசாரியிடம் இருந்தபோது உனக்கு டெங்கு வந்தது. ஒரே கிழமையில் முடிந்துவிட்டது. நான் அழவில்லை. அழுதால் வேலை நின்றுவிடும் என்று பயம்.

போன மாதம் கமிட்டி கூடியது. "உபயம் சொன்ன பிள்ளையே இல்லையே. டிக்கட்டுக்கே போவோம்" என்றார் தலைவர். நான் எழும்பினேன்.

"தவணை இன்னும் முடியல, சேர். வாங்கு வருது."

"நீங்க யாரு? என்ன படிச்சிருக்கீங்க?"

"ஏ.எல். படிப்பப் பாதியில விட்டவ. பகல் சோறு அந்தப் பார்க்குலதான் திங்கிறேன். அது போதும் பேச."

அவர் கடதாசியைப் புரட்டினார். போன கிழமை ஏழு வாங்கும் வந்து இறங்கின. டிக்கட் பேச்சு கைவிடப்பட்டது.

உன்னால் எனக்கு வந்தது துக்கம் மட்டும் இல்லை. என் வெட்கமும் கெட்டுப் போனது. அது திரும்பி வரவும் வேண்டாம். பார்க்கில் பெண்களுக்கு ஒரு கக்கூஸ் இல்லை. நாளைக்குப் புதுக் கொப்பியோடு ஹாட்வெயார் கடையில் ஏறப் போகிறேன். இல்லை என்று சொல்லிப் பார்க்கட்டும்.